பாலகாட் மைன்ஸ்: மத்தியப் பிரதேசமா, கோலார் தங்கவயலா?

அல்சூர் ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சந்தேகம். ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

என் பாட்டிக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அவருடைய அப்பா ஆம்பூர் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் போய் "பாலகாட் மைன்சில்" வேலை பார்த்தாராம். அதெல்லாம் பாட்டி பிறப்பதற்கு முன்னால். பிறகு குடும்பம் பெங்களூர் அல்சூருக்கு வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் இத்தனை நாளாக அது மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் பாலகாட் மாவட்டம் என்றே நினைத்திருந்தோம். போன வாரம் ஒரு விசேஷத்தில் மாமா ஒருவர், "அது கோலார் பக்கம், உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று அடித்துச் சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி?

இரண்டாவது, என் ஆபீஸ் லாவெல் ரோட்டில் இருக்கிறது. லாவெல் என்பவர்தான் கோலார் தங்கத்தைக் கண்டுபிடித்தவர், அதில் கோடீஸ்வரர் ஆனவர், அதனால்தான் ரோட்டுக்கு அவர் பெயர் என்று கூட வேலை செய்பவர் சொன்னார். பாட்டியிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன் வர்றதுக்கு முந்தியே அங்க குழி இருந்துச்சாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் அப்பா சொன்னதாம். இதில் எது உண்மை?

பைக் பயணி:

பாலகாட் என்றால் மத்தியப் பிரதேசம்தான். அங்கே பெரிய மாங்கனீசுச் சுரங்கம் இருக்கிறது. மேப்பில் போட்டுப் பாருங்கள், முதலில் அதுதான் வரும். கோலார் பக்கம் அப்படி ஒரு ஊர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் அந்த ரோட்டில் அடிக்கடி வண்டி ஓட்டுகிறவன்.

லைன் வீட்டுக்காரன்:

தங்கச்சி, உங்கள் மாமா சொன்னதுதான் சரி. பைக் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். மேப்பில் தேடினால் வராது, ஏனென்றால் பாலகாட் என்பது ஊர் இல்லை, ஒரு கம்பெனியின் பெயர்.

என் அப்பா சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேன். தாத்தா குடியாத்தம் பக்கத்து ஆள். நான் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து, மைன்ஸ் சங்குச் சத்தத்தைக் கேட்டே நேரம் பார்த்து வளர்ந்து, இப்போது கிருஷ்ணராஜபுரத்தில் குடியிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கே நின்று பேசுகிறேன் என்று தெரியட்டும்.

தங்கவயல் ஒரே சுரங்கம் என்று பெங்களூரில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. தெற்கே மாரிகுப்பத்தில் மைசூர் மைன்ஸ். அதை ஒட்டி சாம்பியன் ரீஃப். அப்புறம் உரிகம். அதற்கு வடக்கே நந்திதுர்க். அதையும் தாண்டினால் பாலகாட். தங்கம் இருக்கும் வெள்ளைக்கல் நரம்பு பூமிக்கடியில் வடக்கு தெற்காக ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் அதன் உச்சந்தலையில் வரிசையாக ஷாஃப்ட், அதாவது செங்குத்துக் குழி, இறக்கினார்கள். பங்காருப்பேட்டையிலிருந்து 1894-ல் போட்ட ரயில் பாதையும் அதே வரிசையில்தான் போகும். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று ஸ்டேஷன் பெயர்களைச் சொன்னாலே பாதிச் சுரங்கங்களைச் சொல்லி முடித்த மாதிரி. கோரமண்டலும் ஒரு கம்பெனிதான். நைன் ரீஃப்ஸ் என்று இன்னொன்று. இவையெல்லாம் பெரியவற்றின் பக்கத்தில் நமக்கும் கிடைக்கும் என்று முளைத்து, போட்ட முதலைத் தின்றுவிட்டுப் பெயரை மட்டும் விட்டுப்போனவை.

பாலகாட் பெரிய ஐந்தில் கடைக்குட்டி. மைசூரிலும் சாம்பியன் ரீஃபிலும் வாரிக்கொடுத்த கல் அங்கே கையை இறுக்கிக்கொண்டது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டபோது பாலகாட் என்று தனியாக ஒரு சுரங்கமே கிடையாது, அதற்கு வெகு முன்பே வேலை நின்றுவிட்டது. உங்கள் பாட்டி பிறப்பதற்கு முன்னால் என்று சொல்கிறீர்களே, அது அப்படியே பொருந்துகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், சித்தூர், தருமபுரி, சேலம் என்று அந்த வட்டாரம்தான் தங்கவயலுக்கு ஆள் அனுப்பிய வட்டாரம். ஆம்பூர் ஆள் மாங்கனீஸ் வெட்ட நடு இந்தியாவுக்குப் போவதற்கு என்ன அவசியம்? கூப்பிடு தூரத்தில் தங்கவயல் இருக்கும்போது.

இனி லாவெல். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் ஒரு அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூர் கன்டோன்மென்டில் வந்து உட்கார்ந்த பழைய சிப்பாய். நியூசிலாந்தில் தங்க வேட்டையைப் பார்த்தவர், அந்த ஆசை மண்டைக்குள் இருந்தது. 1804-ல் அச்சான ஒரு கட்டுரை அவர் கையில் கிடைத்தது. 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பினார். பெங்களூரில் இந்தக் கதையை எல்லோரும் இந்த மாட்டு வண்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கட்டுரையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எழுதியவர் ஜான் வாரன், பட்டாளத்து லெப்டினன்ட். திப்பு விழுந்த பிறகு மைசூரின் எல்லையை அளக்க வந்தவர். அந்தப் பக்கம் தங்கம் இருக்கிறது என்று ஊர்ப் பேச்சு காதில் விழ, காட்டுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். இது 1802. உரிகம் ஆட்கள் வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே தண்ணீரில் அலசி, அடியில் தங்கத் தூளை நிறுத்திக் காட்டினார்கள். வாரன் கணக்குப் பார்த்தார். ஐம்பது கிலோவுக்கு மேல் மண்ணை அலசினால் ஒரு கிரெயின் தங்கம், நம் கணக்கில் அரைக் குன்றிமணி. மாரிகுப்பம் ஆட்கள் அதற்கும் மேலே ஒரு படி, அதாவது கீழே ஒரு படி. எண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கிக் கல்லையே வெட்டி எடுத்தார்கள். அந்தக் குழிகளில் விபத்து நடக்கிறது என்று 1859-ல் சர்க்கார் இறங்கத் தடை போட்டது.

ஆக, லாவெல் படித்தது வாரன் எழுதியதை. வாரன் எழுதியது உரிகத்துக்காரரும் மாரிகுப்பத்துக்காரரும் காட்டியதை. இதில் கண்டுபிடித்தவர் யார்? உங்கள் பாட்டி ஒரே வரியில் சொன்னதுக்கு நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

லாவெல் 1873-ல் மனுப் போட்டார். அப்போது மைசூர் ராஜ்யம் ஆங்கிலேயக் கமிஷனர் கையில் இருந்தது. 1875-ல் இருபது வருடத்துக்கு உரிமம் கிடைத்தது. உரிகம் பக்கத்தில் ஒரு ஷாஃப்ட் இறக்கினார். பூமிக்குள் கல் உடைப்பது பென்ஷன் பணத்தில் நடக்கிற காரியமா? இரண்டே வருடத்தில் மூச்சு வாங்கி, 1877-ல் பெரஸ்ஃபோர்டு என்ற மேஜர் ஜெனரலும் பெங்களூர்ப் பட்டாளத்து நண்பர்களும் சேர்ந்த கூட்டத்துக்கு உரிமத்தைக் கைமாற்றிவிட்டார். தங்கவயல் தங்கம் கொட்ட ஆரம்பித்தபோது லாவெல் அந்த ஆட்டத்திலேயே இல்லை. இதுதான் உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்ன கோடீஸ்வரர் கதை.

அதற்கு அப்புறமும் உடனே கொட்டவில்லை. 1880-ல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தது. பங்குதாரர் பணம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, குழிக்குள் இறங்கி, திரும்பி வராமலே போய்க்கொண்டிருந்தது. 1883 வாக்கில் மைசூர் மைன்சை இழுத்து மூடிவிடலாம் என்று பங்குதாரர்களே பேசினார்கள். மிச்சம் இருக்கும் பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று டெய்லர்தான் அவர்களைச் சம்மதிக்க வைத்தார். அங்கே பிளம்மர் என்ற கேப்டன் இருந்தார். பட்டாளக் கேப்டன் இல்லை. கார்ன்வால் பக்கத்துச் சுரங்கங்களில் மேலாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் செய்த காரியம் ஒன்றுதான். பழைய ஆட்கள் வெட்டிவிட்டுப் போன குழிகளைப் பார்த்து, அவற்றுக்கு அடியில் இறங்கினார். சாம்பியன் நரம்பு மாட்டியது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். லண்டன் பொறியாளர்கள் புதிதாக ஜோசியம் பார்த்துத் தோண்டிய இடமெல்லாம் நஷ்டம். பழைய குழிக்காரன் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கியதும் லாபம். இரும்பு உளியும் நெருப்பும் மட்டும் வைத்துக்கொண்டு கல்லைக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்து இறங்கிய ஆட்கள், நிலத்தடி நீர் ஊற்றெடுத்து இனி முடியாது என்ற இடம்வரை போயிருந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த நரம்பு மேலே இருந்து யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் பெயரில் பெங்களூரில் ஒரு சந்துகூட இல்லை. ரோடு யாருக்கு என்றால், கிடைக்காமல் விட்டுப்போனவருக்கு.

தேவாலாக்காரன்:

மேலே சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு. நான் கூடலூர் பக்கம், இப்போது மடிவாளாவில் இருக்கிறேன். அவர் சொன்ன "ஜோசியம் பார்த்துத் தோண்டியது" எங்கள் ஊரில் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன், இதோடு சேர்த்துப் படித்தால் கோலார் எவ்வளவு தப்பித்தது என்று புரியும்.

தேவாலா, பந்தலூர் மலைகளிலும் இதே கதைதான் ஆரம்பம். குறும்பரும் பணியரும் ஓடையில் மண் அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து வெள்ளைக்காரனுக்கு நாக்கில் எச்சில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ப்ரோ ஸ்மித் என்ற நிபுணரைக் கொண்டுவந்தார்கள். அவர் 1880-ஐ ஒட்டி அறிக்கை கொடுத்தார், ஆஹா ஓஹோ என்று. அவ்வளவுதான். ஓரிரு வருடத்துக்குள் நாற்பதுக்கும் மேல் கம்பெனிகள், காகிதத்தில் ஐம்பது லட்சம் பவுண்டு முதல். விளையாத காப்பித் தோட்டத்தையெல்லாம் தங்க நிலம் என்று கம்பெனியின் தலையில் கட்டினார்கள். பந்தலூரில் பங்களா, குதிரைப் பந்தய மைதானம் என்று ஒரு நகரமே எழும்பியது. லண்டனிலிருந்து வந்த இயந்திரத்தை மாட்டு வண்டியில் மலை ஏற்றினார்கள். சில இயந்திரங்கள் வந்து சேர்வதற்குள் கம்பெனியே போய்ச் சேர்ந்துவிட்டது. கல்லை அரைத்துப் பார்த்தால் கூலிக்குக்கூடக் கட்டாத தங்கம். சில வருடத்தில் எல்லாம் காலி. அதன் பிறகு அங்கே தேயிலைதான்.

எங்கள் மலையில் இன்றும் அந்தக் குழிகள் உண்டு. சிலர் திருட்டுத்தனமாக உள்ளே இறங்கி மண் சரிந்து சாவது இப்போதும் செய்தியில் வருகிறது. சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போனால், "குழிப் பக்கம் போகாதே" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்புவார்கள்.

ஒரே காலம், ஒரே லண்டன் பணம், ஒரே பைத்தியம். எங்கள் ஊர் மூழ்கியது, உங்கள் ஊர் தப்பியது. பழைய குழிக்கு அடியில் நரம்பு தடித்துப் போனதா மெலிந்து போனதா, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அல்சூர் ஏரிக்கரை:

அண்ணா, நன்றி என்று சொன்னால் போதாது. நீங்கள் எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "உரிகம்" என்று வந்ததும், "ஆமா, உரிகம் பேட்டை, அங்க அத்தை இருந்தாங்க" என்றார். இத்தனை வருடத்தில் இந்த அத்தையைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை!

இன்னும் சில கேள்விகள். உள்ளே வேலை எப்படி இருந்தது? அவ்வளவு தங்கம் கிடைத்த சுரங்கத்தை ஏன் மூடினார்கள்? பெங்களூருக்கு முன்பே அங்கே கரண்ட் வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? கோலாரில் சோழர் கல்வெட்டு இருக்கிறது, தங்கவயலை சோழர்கள்தான் வெட்டினார்கள் என்று இன்னொரு குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். அதையும் சொல்லிவிடுங்கள்.

லைன் வீட்டுக்காரன்:

அத்தையைப் பற்றி இன்னும் கேளுங்கள். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சோழர் விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது நிஜம், போய்ப் பாருங்கள், அழகான கோயில். ஆனால் கோயிலில் கல்வெட்டு இருப்பதால் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குழியைச் சோழர் கணக்கில் எழுத முடியாது. கைக்கு வந்த பெருமையையெல்லாம் ராஜாவுக்குக் கொடுப்பது நம் வழக்கம். வண்டியில் மண் கொண்டுவந்து காட்டியவன் ராஜா இல்லை.

கரண்ட் உண்மைதான், இதில் சந்தேகமே வேண்டாம். காவிரி சிவசமுத்திரத்தில் விழும் இடத்தில் மின் நிலையம் போட்டு 1902 ஜூன் மாதம் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தார்கள். 92 மைல். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. திட்டத்துக்கு அரசுப் பக்கம் உயிர் கொடுத்தவர் திவான் சேஷாத்ரி ஐயர், விளக்கு எரிவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பெங்களூருக்குத் தெரு விளக்கு 1905-ல்தான். எங்கள் ஊர்க் கிழங்கள் இதைச் சொல்லிச் சொல்லியே பெங்களூர்க்காரனை மட்டம் தட்டும். ஆனால் அந்த விளக்கு எரிந்தது கம்பெனிக்கும் துரை பங்களாவுக்கும். கூலிக்காரன் மூங்கில் தட்டியால் கட்டிய குடிசையில் இருந்தான், அதில் குனிந்துதான் நுழைய வேண்டும்.

வேலை பற்றி, அப்பா சொன்னதில் ஒன்றிரண்டு.

கேஜில், அதாவது ஆளை இறக்கும் கூண்டில், நின்றால் வயிறு மேலேயும் உடம்பு கீழேயும் போகுமாம். ஒரே கேஜில் அடிவரைக்கும் போக முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, உள்ளேயே நடந்து, இன்னொரு ஷாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும். சாம்பியன் ரீஃப் 3,200 மீட்டர் ஆழம் போனது, உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து ஊதினாலும் போய்ச் சேர்வதற்குள் அதுவும் சூடாகிவிடும். கோவணம் மாதிரி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்களாம்.

எல்லாவற்றையும் விடப் பயம், ஏர் பிளாஸ்ட். இவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் மலையின் பாரம் முழுக்கப் பாறைமேல் அழுத்திக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் கல்லை வெட்டி எடுத்துவிட்டால் சுற்றியிருப்பது தாங்காமல் திடீரென்று வெடிக்கும். மருந்து வைத்து வெடிப்பது வேறு, இது யாரையும் கேட்காமல் தானாக வெடிப்பது. வெட்டிய இடத்தில் கருங்கல்லை அடுக்கி, மரத்தை முட்டுக் கொடுத்து அதைத் தாங்க வைப்பதுதான் டிம்பர்மேன் வேலை. பெரிய ஏர் பிளாஸ்ட் என்றால் மேலே லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருளும். ஓடு சரியும். பாத்திரம் உருண்டதும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். எந்த ஷிப்ட், எந்த லெவல் என்று வீட்டுக்கு வீடு கணக்கு ஓடும். சங்கு விட்டுவிட்டு ஊதினால் எல்லோரும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம்.

தூசு இன்னொரு எமன். கல்லைத் துளைக்கும்போது பறக்கும் மாவு நுரையீரலில் படிந்து இறுகிவிடும். 1940-களில் டாக்டர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பத்தில் நாலு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ். இந்தியாவில் அந்த நோயைப் பெரிய அளவில் கண்டறிந்த முதல் இடம் தங்கவயல்தான்.

இவ்வளவையும் தாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1930-ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனிகள் உத்தரவு போட்டன. ஒரு சுரங்கத்தில் துரத்தப்பட்டவன் பெயரை மாற்றிக்கொண்டு இன்னொன்றில் சேர்ந்துவிடக் கூடாதாம். நாங்கள் என்ன திருடர்களா என்று மொத்த வயலும் வேலையை நிறுத்தியது. படிப்பிலும் அப்படித்தான். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் வேர் பிடித்த ஊர்களில் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் முக்கியம். சித்தார்த்தா புத்தகசாலை என்று தமிழ்ப் புத்தகம் அச்சிட்டு விற்ற பதிப்பகம் நடந்தது இங்கே, மெட்ராசில் இல்லை. ஜி. அப்பாதுரையார் "தமிழன்" இதழை இங்கிருந்துதான் மறுபடி நடத்தினார். பகலில் சுரங்கம், ராத்திரியில் சபை, பாட்டு, வாதம். எங்கள் தாத்தாவுக்கு எழுதத் தெரியாது, ஆனால் "தமிழன்" இதழை யாராவது படிக்கக் கேட்டு வரி வரியாக மனப்பாடம் வைத்திருந்தாராம்.

ஏன் மூடினார்கள்? சுருக்கமாகச் சொல்கிறேன், ஆத்திரம் வருகிற விஷயம். ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் மூன்று, நான்கு கிராம். அதுவும் மூன்று கிலோமீட்டர் கீழே போய், தண்ணீரை இறைத்து, காற்றை ஊதி எடுக்க வேண்டும். 1956-ல் மைசூர் அரசு, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கை மாறியது. நல்ல தங்கம் கிடைத்த காலத்தில் லாபம் லண்டனுக்குப் போனது, மெலிந்த காலத்தில் சுரங்கம் நம் கைக்கு வந்தது. அதோடு, வெகு காலம் தங்கவயல் தங்கத்தை மத்திய அரசு அவுன்ஸ் 35 டாலர் என்ற சர்வதேச அதிகாரபூர்வ விலைக்குத்தான் எடுத்துக்கொண்டது. பெங்களூர் அவென்யூ ரோடு நகைக்கடையில் விற்ற விலை அதைவிட எவ்வளவோ அதிகம். எடுப்பவனுக்கு ஒரு விலை, விற்பவனுக்கு ஒரு விலை என்றால் எந்தக் கணக்கிலும் நஷ்டம்தான் வரும். 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். உலகச் சந்தையில் தங்கம் அடிமட்ட விலையில் கிடந்த நேரம் அது. அதற்குப் பிறகு விலை ஏறத் தொடங்கி இன்று பல மடங்கு ஆகிவிட்டது. மொத்தம் எடுத்தது 800 டன் என்பார்கள்.

அண்டக்கதிர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன், யஷ்வந்த்பூரில் இருக்கிறேன். அந்த ஆழத்தால் கிடைத்த வேறொரு பொருளையும் சொல்ல வேண்டும். வானத்திலிருந்து சதா விழுந்துகொண்டிருக்கும் துகள் மழையை மேலே இருக்கும் பாறை தடுத்துவிடும், அதனால் அநேகமாக எதிலும் முட்டாமல் போகிற நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிக்க ஆழச் சுரங்கம்தான் ஏற்ற இடம். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆட்களும் சேர்ந்து தங்கவயலில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை 1965-ல் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் பிடித்தார்கள். புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று 1980-களில் பார்த்ததும் இங்கேதான். அந்தக் கருவிகளை இறக்கவும் பாறையை முட்டுக் கொடுத்து நிறுத்தவும் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் இல்லாமல் முடிந்திருக்காது.

லைன் வீட்டுக்காரன்:

ஆமாம் சார், "விஞ்ஞானிங்க ரூம்" என்று அப்பா சொல்லுவார். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, "வராத ஒன்னுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாராம் மேஸ்திரி.

பைக் பயணி:

அண்ணா, ஒத்துக்கொள்கிறேன், மேப்பை நம்பியது என் தப்பில்லை, மேப்பின் தப்பு. 😀 வண்டியில் வந்தால் இப்போது என்ன பார்க்கலாம்? சுரங்கத்துக்குள் இறங்க முடியுமா?

லைன் வீட்டுக்காரன்:

இறங்க முடியாது தம்பி. பம்ப்பை நிறுத்தியதும் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. ஷாஃப்ட் இருக்கும் வளாகங்களுக்குள் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், வேலி தாண்டிப் போகாதீர்கள், எங்கே மூடாத குழி இருக்கிறது என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது. சயனைடு மேட்டில் ஏறி போட்டோ எடுக்க எல்லோருக்கும் ஆசை. சினிமாவில் பாலைவனம் மாதிரி அழகாக இருக்கும். அது அரைத்துத் தங்கம் எடுத்த கல்லின் மிச்ச மாவு. அப்படி 13 மேடு, மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றடிக்கும் காலத்தில் அது மொத்தமும் பக்கத்து வீடுகளின் சாப்பாட்டுத் தட்டில் விழும். முகத்தில் துணி கட்டாமல் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் வண்டியை விட்டுவிட்டு மாரிகுப்பம் ரயிலில் வாருங்கள். காலையில் பெங்களூரை நோக்கி வரும் வண்டியில் நிற்க இடம் இருக்காது. சுரங்கம் மூடியதிலிருந்து வயலில் பாதிப் பேருக்கு வேலை பெங்களூரில்தான், நானும் வருடக்கணக்காக அப்படி நின்றுகொண்டே வந்தவன். நீங்கள் எதிர்த் திசையில் போகிறீர்கள், உட்கார்ந்து வரலாம். கோரமண்டலில் இறங்கித் தெற்கே நடந்தால் வரிசையாக எல்லாம் வரும்.

தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரும் அந்த அத்தை பெயரும் தெரிந்தால் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம். உரிகம் பேட்டையில் என் பெரியம்மா இருக்கிறார், அவருக்கு எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று மூன்று தலைமுறைக்குத் தெரியும். பாட்டியால் பயணம் செய்ய முடியுமென்றால் கூட்டி வாருங்கள். ஸ்டேஷன் படிக்கட்டு கொஞ்சம் உயரம், ஆட்டோவுக்குச் சொல்லி வைக்கிறேன்.